தொட்டில்களைக் கழற்றி வைத்த ஞாயிறுகள்

பெப்ரவரி ஒன்பதாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டே முக்காலுக்கு, பிள்ளைக்காம்பராவில் தொங்கிய பதினொரு தொட்டில்களையும் கொக்கிகளிலிருந்து கழற்றி, மடித்து, பால்மா வைக்கும் அலுமாரிக்குள் போட்டுப் பூட்டினேன். மூன்று மணிக்கு என் தங்கை அந்த அறைக்குள் வர இருந்தாள். அவள் கண்ணில் ஒரு தொட்டில்கூடப் படக் கூடாது. அன்றைக்கு எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது அது ஒன்றுதான்.

வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்தெடுக்கப் போகும் பெண்களின் சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்வது என் வேலை. பெயர்ப்பலகையில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று மூன்று மொழிகளில் எழுதியிருக்கிறது. வாயில் வருவது பிள்ளைக்காம்பரா. பதினாறு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். எந்த நாள் மழை பிடித்தது, எந்த லயத்தில் என்ன பிள்ளை பிறந்தது, யார் எந்தத் திகதியில் கொழும்புக்கு வேலைக்குப் போனார், எல்லாம் அதில் இருக்கும். ஹட்டன் நூலகத்தில் மாதம் நான்கு புத்தகம் எடுப்பேன். மனநோய் பற்றி மட்டும் மூன்று புத்தகங்கள் படித்திருந்தேன். படித்தது போதும் என்ற நினைப்பும் இருந்தது.

முந்தைய நவம்பர் பதினெட்டாம் திகதி, திங்கட்கிழமை, தங்கையின் குழந்தை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துபோயிற்று. கொடி சுற்றியிருந்தது என்றார் டொக்டர். கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்யும் அவள் கணவர் இரண்டு வாரம் லீவு போட்டு வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, லீவு முடிந்ததும் போனார். தங்கை என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் கொழுந்தெடுக்க மலைக்குப் போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். எடை பார்க்க மாதம் ஒரு முறை பிள்ளைக்காம்பராவுக்கு வரும் மிட்வைஃப், நாவலப்பிட்டிப் பக்கத்துச் சிங்களப் பெண், அவளைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார்:

"மருந்து மட்டும் போதாது டீச்சர். தங்கச்சிக்கு கதைக்க ஆள் வேணும். நீங்க இல்ல, வேற ஆள்."

அவர் எழுதிக் கொடுத்த நம்பரில் இருந்தவர் பதிவு பெற்ற உளவளத்துணையாளர். யாழ்ப்பாணத்துப் பெண், கொழும்பில் இருந்தார். வீடியோ அழைப்பில் தமிழில் பேசுவார். வாரம் ஒரு நாள், ஐம்பது நிமிடம்.

பேசுவதற்கு இடம்தான் இல்லை. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளின் நடுச்சுவர் கூரையைத் தொடாது. எங்கள் வீட்டில் இருமினால் மூன்றாவது வீட்டில் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். அதோடு சிக்னலும் கிடையாது. தோட்டத்தில் இரண்டே இடத்தில்தான் படம் நிற்காமல் வரும். ஒன்று, மேலே தண்ணித் தாங்கிப் பாறை. திறந்த வெளி, நாலு லயத்துக்கும் தெரியும், மழைக்கு ஒதுங்க ஒன்றும் கிடையாது. மற்றது பிள்ளைக்காம்பராவின் மேற்கு ஜன்னல். ஞாயிற்றுக்கிழமை அது பூட்டியிருக்கும், சாவி என்னிடம். குழந்தையை இழந்தவளைக் குழந்தைகள் தூங்கும் அறையில் கொண்டுபோய் உட்கார வைப்பதைத் தவிர எனக்கு வேறு வழி கிடைக்கவில்லை. அதனால்தான் தொட்டில்களைக் கழற்றினேன். கொக்கிகளை ஒன்றும் செய்ய முடியவில்லை. அவை கம்பில் வரிசையாக அப்படியே இருந்தன.

முதல் ஐந்து நிமிடம் என்னையும் உட்காரச் சொன்னார். திரையில் கண்ணாடி போட்ட, ஐம்பது வயதுக்குக் கிட்டிய முகம். பின்னால் வெறும் சுவர்.

"இஞ்ச நீங்கள் கதைக்கிறது எனக்கும் உங்களுக்கும் இடையில மட்டும்தான்" என்று தங்கையிடம் சொன்னார். "உங்கட அக்காவுக்கும் சொல்ல மாட்டன். உங்கட உயிருக்கு ஏதும் ஆபத்தெண்டு நினைச்சா மட்டும்தான் அவவோட கதைப்பன். விளங்குதோ?"

"வெளங்குதுங்க டொக்டர்."

"நான் டொக்டர் இல்லை."

"சரிங்க டொக்டர்."

அவர் சிரித்தார். தங்கை சிரிக்கவில்லை. பிறகு என்னிடம் சொன்னார்: "அவவின்ர சாப்பாடு, நித்திரை எப்பிடியெண்டு கொஞ்சம் கவனிச்சுக்கொள்ளுங்கோ. பயப்பிடுற மாதிரி ஏதும் கண்டா உடன எனக்குப் போன் அடியுங்கோ."

கொஞ்சம் கவனிக்கச் சொன்னார். எனக்குக் கொஞ்சமாகக் கவனிக்கத் தெரியாது.

நான் வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். யாரும் கிட்டே வராமல் பார்த்துக்கொள்வதுதான் என் பங்கு. பத்து நிமிடத்தில் பக்கத்து லயத்து அக்கா ஒருத்தர் விறகுக் கட்டோடு வந்து நின்றார்.

"என்னாங்க டீச்சர், ஞாயித்துக்கெழமையும் பிள்ளைக்காம்பராவா? உள்ள யாரு பேசுறது?"

"தங்கச்சிங்க. போன்ல."

"போன்லயா? இன்டர்வியூவா?"

"அப்படித்தாங்க" என்றேன்.

"எந்த நாட்டுக்கு?"

"அது இன்னும் தெரியலைங்க."

"ருமேனியாவாத்தான் இருக்கும். இப்ப அங்கதான் எடுக்குறாங்களாம். குளிரு தாங்குவாளா?" அவரே யோசித்து அவரே பதிலும் சொன்னார். "இந்த மழையில கெடந்தவ, தாங்குவா."

அடுத்த ஞாயிறுக்குள் நாலு லயத்துக்கும் தெரிந்துவிட்டது. ஒருவர் தடித்த ஸ்வெட்டர் கொழும்பில் எங்கே மலிவு என்று வந்து சொன்னார். இன்னொருவர் தன் மகளையும் அந்த ஏஜென்சியில் சேர்த்துவிட முடியுமா என்று கேட்டார். அவர்களிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் மனசுக்கு டொக்டர் பார்க்கிறார்கள் என்று சொன்னால் அந்தப் பெயர் அவளோடேயே நின்றுவிடும். ருமேனியா கொஞ்ச நாளில் மறந்துவிடும்.

அந்த முதல் ஞாயிறு மாலையே நாற்பது பக்கக் கொப்பி ஒன்றுக்குக் கோடு போட்டேன். எங்கள் அப்பா கணக்கப்பிள்ளையாக இருந்தவர். மலையில் யார் வேலைக்கு வந்தார்கள் என்று அவர் சட்டைப்பையில் வைத்திருந்த செக்ரோல் கொப்பியைப் பார்த்துத்தான் நான் கட்டம் போடவே பழகினேன். தோட்டத்தில் நாள் வேலைக்குப் 'பேர்' போடுவார்கள். சொன்ன கிலோ கொழுந்து எடுத்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர், அரைநாள் சம்பளம். அப்பா முழுப் பேருக்கு ஒரு நெட்டுக்கோடு போடுவார், அரைப் பேருக்கு அதில் பாதி, வராதவருக்கு ஒரு சுழி. அந்த மூன்று குறிகளையும் நான் தங்கைக்குப் போட்டேன். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடும் நேரத்துக்குள் எழுந்தாளா, குளித்தாளா, இரண்டு வேளையாவது சாப்பிட்டாளா, கேட்காமல் ஒரு வார்த்தையாவது பேசினாளா. நான்கும் என்றால் முழுப் பேர். இரண்டோ மூன்றோ என்றால் அரைப் பேர். அதற்கும் கீழே என்றால் சுழி. வேறு குறி எனக்குத் தோன்றவே இல்லை. இந்தத் தோட்டத்தில் ஒரு நாளை அளக்க நாங்கள் அறிந்த முறை அதுதான்.

பெப்ரவரி பதினைந்தாம் திகதி, சனிக்கிழமை, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து உளவளத்துணையாளருக்கு அனுப்பினேன். ஐந்து சுழி, ஒரு அரை. அரை மணி நேரத்தில் பதில் வந்தது. "நன்றி. இப்படி எழுதுவது தங்கைக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் தயவுசெய்து அவவிடம் சொல்லுங்கள். அவவுக்குத் தெரியாமல் எனக்கு ஒன்றும் அனுப்ப வேண்டாம்."

"சரிங்க மிஸ், சொல்கிறேன்" என்று பதில் போட்டேன். அனுப்புவதை நிறுத்தினேன். சொல்லவில்லை. எழுதுவதையும் நிறுத்தவில்லை. அவள் தேறிய பிறகு எடுத்துக் காட்டினால் சந்தோஷப்படுவாள் என்று அப்போது நினைத்தேன். அப்படி நினைத்ததும் நாட்குறிப்பில் இருக்கிறது.

அவள் தேறத்தான் செய்தாள். மூன்றாவது ஞாயிறு வரை உள்ளே போனில் பேசும் அந்த அம்மாவின் குரல் மட்டும் எப்போதாவது கேட்கும். மார்ச் இரண்டாம் திகதி தங்கையின் குரல் நீளமாகக் கேட்டது. வார்த்தை புரியவில்லை. புரியாமலிருக்க நான் இரண்டு படி கீழே இறங்கி உட்கார்ந்தேன். ஒன்பதாம் திகதி அழுதாள். பதினாறாம் திகதி அந்த அம்மா ஏதோ சொல்ல, தங்கை சிரித்த மாதிரி இருந்தது. இருபத்து மூன்றாம் திகதி வெளியே வந்தவள் வீட்டுக்குப் போகாமல் நின்றாள்.

"தொட்டில எல்லாம் எங்கக்கா வைக்கிற?"

"அலுமாரியில."

"எடு."

இருவருமாக ஒவ்வொன்றாகக் கொக்கியில் மாட்டினோம். ஏழாவதோ எட்டாவதோ மாட்டும்போது அவள் கயிற்றை விரலால் தடவிப் பார்த்தாள். "இது நைஞ்சிருக்கு. யாராவது பிள்ள விழுந்துறப் போவுது. மாத்திரு" என்றாள். அன்று இரவு கொப்பியில் ஒரு முழுக் கோடு போட்டேன். நாற்பத்து மூன்று நாளில் அது முதலாவது முழுப் பேர்.

நான்கு நாள் கழித்து, மார்ச் இருபத்தேழாம் திகதி, வியாழக்கிழமை, வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். தங்கை அடுப்படியில் பலகையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தக் கொப்பி. அந்த அம்மா ஏதோ எழுதிப் பார்க்கச் சொல்லியிருந்தாராம். தாள் தேடி என் புத்தகத் தட்டில் கை வைத்திருக்கிறாள்.

"இது என்னாக்கா?"

நான் குடையைச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

"செக்ரோலா?"

"மிஸ்ஸுக்குக் காட்டலாம்னு எழுதுனேன். நீ தேறி வர்றது தெரியணுமேன்னு."

"மார்ச் நாலாந் தேதி எனக்கு ஏன் அரைப் பேரு?"

நான் குனிந்து பார்த்தேன். அந்த நேரத்திலும் பார்த்தேன். "அன்னைக்கி நீ குளிக்கல. மத்தியானம் மட்டுந்தான் சாப்பிட்ட."

"சாப்பிடலன்னா அரைப் பேரு."

"அப்படி இல்லடி."

"அப்பறம் எப்படி?"

அவளே பேசத் தொடங்கினாள். குரலை உயர்த்தவில்லை. நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கக் கூடாது என்று அந்த நேரத்திலும் தணித்தே பேசினாள்.

"தீபாவளிக்கு முந்துன வாரம் மூணு நாள் எனக்கு அரைப் பேரு போட்டாங்க. வயித்தத் தூக்கிக்கிட்டு கிலோ பத்தல. லேசான வேல கேட்டா குடுத்திருப்பாங்க. கணக்கப்பிள்ள மக போயி கேக்குறதான்னு கேக்கல. அதுக்கப்பறம் ஒரு நாளும் அரைப் பேரு வாங்கக் கூடாதுன்னுதான் அந்த மழையிலயும் மேமலைக்கு ஏறுனேன். ரெண்டு வாரமும் முழுப் பேருதான் வாங்குனேன். அடுத்த வாரம் புள்ள அசையல."

"டொக்டர் கொடி சுத்துனதாத்தான சொன்னாரு."

"டொக்டருக்குத் தெரியும். எனக்குத் தெரியணுமில்ல?" கொப்பியை மூடினாள். "இத நான் அவங்ககிட்ட மட்டுந்தான் சொன்னேன். ஏழு வாரம் ஆச்சு சொல்றதுக்கு. இப்ப உங்கிட்டயும் சொல்லிட்டேன். எழுதிக்க."

கொப்பியை அவள் கையிலிருந்து வாங்கி அடுப்பில் போட்டேன். அட்டை பிடிக்கச் சற்று நேரமாயிற்று. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வேற கொப்பி வாங்கிக்கலாம்" என்றாள்.

பிறகு என் பழைய நாட்குறிப்பை எடுத்துத் தீபாவளிக்கு முந்தைய வாரத்தைப் பார்த்தேன். மூன்று நாள் மழை என்று எழுதியிருந்தேன். பலகாரத்துக்கு மா இடித்தது, மின்சாரம் போனது, வந்தது, நூலகத்துக்குப் புத்தகம் திருப்பிக் கொடுத்தது. தங்கை பற்றி ஒரே வரி: இன்று களைத்துப்போய் வந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. களைத்ததை எழுதிவைத்திருந்தேன்.

மார்ச் முப்பதாம் திகதி ஞாயிறு அவள் வரவில்லை. நான் தொட்டில்களைக் கழற்றி, பால்மா டின்னில் என் போனைச் சாய்த்து வைத்துக் காத்திருந்தேன். மூன்று மணிக்கு அந்த அம்மாவின் முகம் வந்தது.

"அவ வரேல்லையோ?"

"வரலைங்க மிஸ்." நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"சாப்பிடுறாவோ? தனக்கு ஏதும் செய்துகொள்ளுற மாதிரிக் கதைச்சவவோ?"

"இல்லைங்க. நான் இல்லாத நேரத்துல சாப்பிடுறா. கழுவி வச்ச சோத்துக் கோப்பை இருக்கு."

"அந்தக் கொப்பியைப் பற்றி நான் உங்களிட்டக் கேட்டனான்."

"சொல்றேன்னு எழுதுனேங்க. சொல்லல."

"ம்."

"நா இப்ப என்னங்க மிஸ் செய்யட்டும்?"

"மன்னிப்புக் கேட்டனீங்களோ?"

"கேட்டேங்க. மூணு தடவ." அதையும் எண்ணி வைத்திருந்தது சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

"அப்ப இனி ஒண்டும் செய்யாதேங்கோ."

"ஒண்ணுமே செய்யாம எப்படிங்க இருக்கிறது?"

"கஷ்டம்தான்" என்றார். அவரிடமிருந்து ஒரு வழி, ஒரு பயிற்சி, புத்தகங்களில் இருப்பது போல ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. "நான் உங்கட தங்கச்சிக்குத்தான் துணையாளர். அவவைப் பற்றி உங்களோட கதைக்க எனக்கு ஏலாது. உங்களுக்கும் ஆரோடயும் கதைக்க வேணும் போல இருந்தா வேற ஒராளின்ர நம்பர் தாறன். ஆனா இது அவவின்ர நேரம். மூண்டு அம்பது வரைக்கும் நான் லைன்ல இருப்பன். வந்தா வரட்டும்."

போனை வெற்று நாற்காலிப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நான் வாசலில் போய் நின்றேன். பாதையில் கோழிகள் போயின. பள்ளத்தில் ரயில் வளைவில் ஏறும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அந்த அம்மா அப்படியே இருந்தார். ஒரு தடவை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மூன்று ஐம்பதுக்கு, "சரி, அடுத்த ஞாயிறு" என்றார்.

ஏப்ரல் ஆறாம் திகதியும் அதேதான். பதின்மூன்றாம் திகதி புத்தாண்டுக்கு முதல்நாள், லீவு. புத்தாண்டுக்குத் தங்கையின் கணவர் வந்திருந்தார். நாங்கள் மூவரும் பொங்கல் சாப்பிட்டோம். அவள் என்னிடம் உப்பு எங்கே என்று கேட்டாள். சொன்னேன். அவ்வளவுதான்.

ஏப்ரல் இருபதாம் திகதி, மூன்று மணி இருபது நிமிடத்துக்கு, அவள் பாதையில் ஏறி வருவது தெரிந்தது. நான் படியை விட்டு விலகினேன். அவள் உள்ளே போனாள். வெறும் கொக்கிகளை அண்ணாந்து ஒரு தடவை பார்த்தாள். உட்காரவில்லை. பால்மா டின்னில் சாய்ந்திருந்த போனைக் கையில் எடுத்து, "மிஸ், இங்க வேணாங்க" என்றாள். அதோடு வெளியே வந்து, என்னைத் தாண்டி, தேயிலைக்கு நடுவே போகும் குறுக்குப் பாதையில் ஏறினாள். அங்கே சிக்னல் கிடையாது, அழைப்பு நின்றுவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் திரும்பி வந்து போனை என் தலையணை மேல் வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை, இருபத்திரண்டாம் திகதி, அந்த அம்மாவிடமிருந்து எனக்குக் கடைசி செய்தி வந்தது. "தங்கை தொடர்ந்து கதைக்க விரும்புகிறா. இனி தன்னுடைய போனில், தான் தெரிவு செய்த இடத்தில். நேரத்தை அவவோடேயே பேசிக்கொள்வேன். இதுவரை செய்த உதவிக்கு நன்றி." கணவர் புத்தாண்டுக்குத் தன் பழைய போனை அவளிடம் விட்டுப் போயிருந்தார். அது எனக்கு அப்போதுதான் தெரியும். செய்தியை மூன்று முறை வாசித்தேன்.

அவள் தெரிவு செய்த இடம் தண்ணித் தாங்கிப் பாறை. நாலு லயத்துக்கும் தெரியும் இடம். ஞாயிறு மூன்று மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு ஏறுவாள். பிள்ளைக்காம்பராப் படியிலிருந்து பார்த்தால் கறுப்புக் குடை மட்டும் தெரியும். முகம் தெரியாது, குரல் எட்டாது. அழுகிறாளா, சிரிக்கிறாளா, அந்தக் கொப்பியைப் பற்றிச் சொல்கிறாளா, தெரியாது. வீட்டில் அவள் எழுந்த நேரத்தைப் பார்க்கக் கூடாது என்று நான் அவளுக்கு முன்பே எழுந்து வேலைக்குப் போய்விடுகிறேன். கோப்பைகளை எண்ணுவதில்லை. மலைக்கு இன்னும் போகத் தொடங்கவில்லை, அது மட்டும் தெரியும். அது எல்லோருக்கும் தெரியும்.

ஜூன் எட்டாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, நல்ல மழை. எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. நைந்துபோன தொட்டில் கயிற்றை மாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு பிள்ளைக்காம்பராவைத் திறந்து வாசலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து லயத்து அக்கா, தலையில் உரப்பையைக் கவிழ்த்துக்கொண்டு வந்து நின்று, மேலே பாறையைப் பார்த்தார்.

"மழையிலயும் விடமாட்டாங்களா டீச்சர் அந்த ஏஜென்சிக்காரங்க?"

"விடமாட்டாங்கங்க."

"எத்தனை மாசமா பேசுறாங்க. தங்கச்சி எப்பதான் போறா?"

"தேதி தெரியலைங்க."

"ஒங்களுக்கே தெரியலையா?" என்று சிரித்துவிட்டு அவர் போனார்.

கயிற்றின் ஒரு நுனியை முடிந்தேன். மேலே குடை அசையவில்லை. மூன்று நாற்பது. இன்னும் பத்து நிமிடம் இருந்தது.